இரண்டாவது கியரில் மட்டும்

அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டைக்கு ஏறும் காட்டுச் சாலையில், மாசி மாதத்து ஒரு சாயங்காலம் என் பிக்கப் முதல் தடவையாக நின்றது. பின்னால் இருபத்தைந்து மூட்டை புளி. பக்கத்து சீட்டில் மச்சான். வளைவில் வேகம் குறைந்ததும் இரண்டாவது கியருக்கு இறக்கி ஆக்சிலேட்டரை அழுத்தினேன். சாவியைத் திருப்பி அணைத்தது போல இன்ஜின் அடங்கிவிட்டது. திணறவில்லை, இருமவில்லை, புகை தள்ளவில்லை. ஹெட்லைட் மட்டும் எதிரே இருந்த மூங்கில் புதரைக் காட்டிக்கொண்டு எரிந்தது.

ஏற்றத்தில் இன்ஜின் அணைந்தால் என்ன ஆகும் என்பதை லோடு வண்டி ஓட்டாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிரேக் பெடலை லேசாக மிதித்தாலே வண்டி பிடிப்பதற்குக் காரணம், வெற்றிடத்தின் இழுப்பால் நம் கால் பலத்தைக் கூட்டும் வேக்கம் பூஸ்டர். அந்த வேக்கத்தை உண்டாக்கும் பம்ப் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிறது. இன்ஜின் நின்றுவிட்டால் பூஸ்டரில் மிச்சமிருப்பதை வைத்து இரண்டு மூன்று மிதி மிதிக்கலாம். அதற்கப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். ஒரே மிதியாக மிதித்து, காலை எடுக்காமல் ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டு, "மச்சான், கட்டை போடு!" என்று கத்தினேன். அவன் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அது யானை நடமாடும் காடு. இருட்டிக்கொண்டு வந்தது. பின்னால் ஏதாவது வண்டி வருமா என்று பார்த்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் சாவியைப் போட்டு செல்ஃப் அடித்தேன். முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டது. கெலமங்கலம், ராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரி புளி மண்டி வரைக்கும் ஒரு குறை இல்லாமல் ஓடியது. சூடாகியிருக்கும், ஆறியதும் சரியாகிவிட்டது என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த முடிவு தப்பு என்று தெரிய இரண்டரை மாதம் ஆனது.

நிரந்தரமாகக் கெட்டுப்போன வண்டியைச் சரிசெய்வது சுலபம். கெட்டது கண்ணெதிரே இருக்கிறது. சோதித்துப் பார்த்துக் கழற்றலாம். வந்து வந்து போகும் கோளாறு வேறு மாதிரி. வீட்டில் இருமிக்கொண்டே இருக்கும் குழந்தை டாக்டர் முன்னால் போனதும் இருமாமல் உட்கார்ந்திருப்பது போல, பட்டறை வாசலுக்குப் போனதும் வண்டி ஒழுங்காக ஓடும். மெக்கானிக் ஏறி உட்கார்ந்து காலி வண்டியை பைபாஸில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, "நல்லாத்தானே இருக்கு?" என்பார். அவர் சொல்வதும் பொய் இல்லை.

அடுத்த சில வாரங்களில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது முறை நின்றபோது ஒரு பட்டறையில் டீசல் ஃபில்டரை மாற்றினார்கள், 1,900 ரூபாய். நான்காவது முறை நின்றபோது இன்னொரு இடத்தில் ஸ்கேனர் போட்டு, ரெயில் பிரஷர் சென்சார், அதாவது டீசல் குழாயின் அழுத்தத்தை அளக்கும் சாமான், போய்விட்டது என்று புதிதாகப் போட்டார்கள், 4,800 ரூபாய். ஸ்கேனர் காட்டிய கோளாறு எண்களையும் அழித்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் நின்றது. மூன்றாவது இடத்தில் இ.சி.எம். போர்டே, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரே, போய்விட்டது, மாற்ற 58,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. வண்டி மேல் கடன் இருந்தது. தக்காளி சீசன் நடந்துகொண்டிருந்தது. ராயக்கோட்டையில் ஏற்றிய தக்காளி வழியில் நின்றால் வெயிலில் அடிப்பெட்டி நசிந்து சாறு ஒழுக ஆரம்பிக்கும். அந்த நஷ்டத்துக்கு வியாபாரி என்னைத்தான் கேட்பார். நானும் அவரிடம் எதிர்த்துப் பேச முடியாது.

அப்போதுதான் பழையபேட்டைப் பக்கம் இருக்கும் எலக்ட்ரீஷியன் பாய் ஞாபகம் வந்தது. என் அப்பா ஓட்டிய பழைய வேனுக்கு வயரிங் செய்தவர். போன் போட்டேன்.

"இப்ப நிக்குதா தம்பி?"

"இல்ல பாய். இப்ப ஓடுது."

"ஓடுற வண்டியை இங்க கொண்டாந்து நான் என்ன பண்றது? ஒரு நோட்டு போடுங்க. எப்ப நின்னாலும் எழுதுங்க. எங்க, எந்த கியர், ஏத்தமா இறக்கமா, லோடா காலியா, மழையா வெயிலா, எவ்வளவு நேரம் கழிச்சு ஸ்டார்ட் ஆச்சு, எல்லாம். நிக்காத அன்னிக்கும் எழுதுங்க. அதுதான் முக்கியம்."

நிற்காத அன்றைக்கும் எழுதச் சொன்னதுதான் எனக்குப் புரியவில்லை. சரி, பெரியவர் சொல்கிறார் என்று வீட்டிலிருந்த பால் கணக்கு நோட்டில் பாதியைக் கிழித்து டேஷ்போர்டில் வைத்தேன். எழுதும் வேலை மச்சானுடையது. அவன் பத்தாவது வரைக்கும் படித்தவன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

பதினேழு நாள் எழுதினோம். அதில் எட்டுத் தடவை நின்றது. ஆனால் அந்த நோட்டில் எனக்குப் பாடம் சொன்னவை நிற்காத நாட்கள்தான்.

பாலக்கோட்டில் கோடை மழை கொட்டி, இன்ஜின் மேல் தண்ணீர் அடித்த நாளில் நிற்கவில்லை. அதுவரை வயர்களை இணைக்கும் கப்ளரில் எங்கோ ஈரம் இறங்குகிறது என்பது என் சந்தேகம், அது போனது. ஊத்தங்கரைப் பக்கம் சித்திரை வெயிலில், மதியம் இரண்டு மணிக்கு, முழு லோடோடு சமவெளியில் நாற்பது கிலோமீட்டர் ஓடியும் நிற்கவில்லை. சூட்டினால் என்பதும் போனது. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போன குண்டும் குழியுமான வழியில் பல்லெல்லாம் ஆடியது, நிற்கவில்லை. அதிர்ச்சியில் ஏதோ லூஸ் கான்டாக்ட் என்று எல்லோரும் சொன்ன காரணம் அன்றைக்குத் தளர்ந்தது. மாங்கூழ் ஆலையில் பெங்களூரா மாம்பழ லோடை ரிவர்ஸ் எடுத்து மேட்டில் ஏற்றினேன்; இன்ஜின் முழு சக்தியோடு உறுமியது, நிற்கவில்லை.

நின்ற இடங்கள் இவை. ஓசூர் போகும் வழியில் மேலுமலை ஏற்றத்தில், முன்னால் ஒரு கிரானைட் லாரி ஊர்ந்துகொண்டிருந்ததால் நான் இரண்டாவது கியருக்கு இறங்கிய நேரத்தில். அதே மேலுமலையை இதற்கு முந்தைய வாரம் நான்காவது கியரில் ஏறியபோது ஒன்றும் ஆகவில்லை. சேலத்திலிருந்து ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு தருமபுரி திரும்பும்போது தொப்பூர் கணவாயில், மறுபடியும் இரண்டாவது கியர். பின்னால் ஒரு டிரெய்லர் வந்துகொண்டிருந்தது. அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் கை வேர்க்கும். ராயக்கோட்டை தக்காளி மண்டி வாசலில் ஏறி வெளியே வரும் இடத்தில் இரண்டு தடவை, முதல் கியர். இப்படியே மற்றவையும். ஒன்று மட்டும் கூட்டத்தில் சேராமல் நின்றது: கே.ஆர்.பி. அணை வாய்க்கால் ஓரம், காலி வண்டி, சமதளம். பின்சக்கரம் சேற்றில் புதைந்து, முதல் கியரில் இழுத்து வெளியே எடுக்கப் பார்த்தபோது நின்றது.

காத்திருந்த நேரம் என்று மச்சான் ஒரு பத்தி போட்டிருந்தான். கால் மணி, பத்து நிமிடம், ஐந்து, இரண்டு, கடைசி நான்கில் 'உடனே'. எல்லாத் தடவையும் சாவியை அணைத்துப் போட்டதும் முதல் செல்ஃபிலேயே ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. அப்படியானால் அஞ்செட்டிக் காட்டில் நாங்கள் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்த கால் மணி நேரத்துக்குத் தேவையே இருந்திருக்கவில்லை.

பாய் நோட்டை வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, டீ ஆறும் வரை படித்தார். சேற்று வரியில் விரலை வைத்தார்.

"காலி வண்டியும் நின்னிருக்கு."

"ஆமா பாய்."

"அப்ப வண்டி வெயிட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. முறுக்குக்குத்தான் சம்பந்தம்."

அதற்கப்புறம்தான் ஸ்கேனரை எடுத்தார். மூன்று எண்கள் இருந்தன. பி0192, ரெயில் பிரஷர் சென்சாரின் சிக்னல் கீழே போய்விட்டது என்பது அதன் அர்த்தம். பி0237, டர்போ அழுத்தம் சொல்லும் சென்சாரின் சிக்னலும் கீழே. பி0641, சென்சார்களுக்கு இ.சி.எம். கொடுக்கும் 5 வோல்ட் லைனில் குறை. முந்தைய பட்டறை முதல் எண்ணைப் பார்த்து அந்த சென்சாரை மாற்றிவிட்டது. அடுத்த பட்டறை கடைசி எண்ணைப் பார்த்து இ.சி.எம். போய்விட்டது என்று சொல்லிவிட்டது. மூன்றையும் சேர்த்து யாரும் படிக்கவில்லை. ஸ்கேனர் எண் எந்தப் பாதையில் குறை என்றுதான் சொல்லும். அந்தப் பாதையில் சென்சாரும் இருக்கிறது, கப்ளரும் இருக்கிறது, இரண்டு மீட்டர் வயரும் இருக்கிறது, கடைசியில் இ.சி.எம்.மும் இருக்கிறது. எண் வந்தவுடனே அந்தப் பெயருள்ள சாமானை மாற்றுவது, தெருப் பெயரைக் கேட்டுவிட்டு முதல் வீட்டுக் கதவை உடைப்பது போல. வாடிக்கையாளர் பணத்தில் இப்படிச் செய்யும் பழக்கத்தை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

எண்ணோடு சேர்த்து இ.சி.எம். இன்னொன்றையும் பத்திரப்படுத்தி வைக்கும். கோளாறு பதிவான அந்தக் கணத்தில் இன்ஜின் எத்தனை சுற்று, வண்டி என்ன வேகம், தண்ணீர் எவ்வளவு சூடு என்ற கணக்கு. ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். எங்கள் வண்டியில் 1,640 சுற்று, 21 கிலோமீட்டர் வேகம், 86 டிகிரி என்று இருந்தது. சுற்றையும் வேகத்தையும் வைத்து கியரைக் கணக்கிட்டுவிடலாம், இரண்டாவது கியர். மச்சானின் நோட்டும் வண்டியின் சொந்த நோட்டும் ஒன்றையே சொன்னன. 86 டிகிரி என்பது இன்ஜினின் சாதாரண சூடுதான்.

இந்த 5 வோல்ட் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்பா காலத்து டீசல் இன்ஜின் ஓடுவதற்கு ஒரே ஒரு வயர் போதும். பம்பில் டீசலைத் திறந்து மூடும் ஸ்டாப் சாலினாய்டுக்குப் போகும் வயர். மற்றதெல்லாம் இரும்பும் ஸ்பிரிங்கும். இப்போதைய காமன் ரெயில் இன்ஜினில் டீசல் ஒரு குழாயில் 1,600 பார் வரைக்கும்கூட அழுத்தத்தில் காத்திருக்கிறது. எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதை இ.சி.எம். முடிவு செய்கிறது. அந்த முடிவுக்கு அதற்குக் கண்ணும் காதும் சென்சார்கள். ஒவ்வொரு பிரஷர் சென்சாருக்கும் மூன்று வயர்: இ.சி.எம். கொடுக்கும் 5 வோல்ட் ஒன்று, எர்த் ஒன்று, சென்சார் திருப்பி அனுப்பும் சிக்னல் ஒன்று. சிக்னல் அரை வோல்ட்டுக்கும் நாலரை வோல்ட்டுக்கும் நடுவில்தான் ஆடும். அரை வோல்ட்டுக்குக் கீழே போனால், 'இது அழுத்தம் குறைந்ததல்ல, பாதையே கெட்டிருக்கிறது' என்று இ.சி.எம். புரிந்துகொள்ளும்.

அந்த 5 வோல்ட்டை ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனியாகக் கொடுப்பதில்லை. ஒரே லைனிலிருந்து இரண்டு மூன்று சென்சாருக்குப் பிரிந்து போகும். ஒரே தெருக்குழாயில் மூன்று வீடு தண்ணீர் பிடிப்பது மாதிரி. ஒரு வீட்டு வாசலில் குழாய் உடைந்தால் மூன்று வீட்டிலும் தண்ணீர் நிற்கும். இரண்டு சென்சாரும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது நடக்காத காரியம். அவற்றுக்குப் பொதுவானது எதுவோ அது கெட்டிருக்கிறது. அந்த 5 வோல்ட் வயர் எங்காவது இரும்பில் பட்டால் வோல்ட் விழும், ரெயில் அழுத்தம் தெரியாமல் போகும், எங்கள் வண்டியின் இ.சி.எம். டீசலை நிறுத்திவிடும். ஃபியூஸ் போகாது. ஏனென்றால் அந்த லைனில் ஷார்ட் ஆனால் கருகாமல் இருக்க இ.சி.எம்.முக்குள்ளேயே கரண்டைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு இருக்கிறது. பட்ட வயர் விலகியதும் வோல்ட் திரும்பி வந்துவிடும். ஸ்கேனர் எண்ணைத் தவிர வேறு தடயமே இருக்காது.

"அப்ப இ.சி.எம். போகலையா பாய்?"

"போகலேன்னு இப்பவே சொல்ல மாட்டேன். அதுக்கு வர்ற கரண்டையும் எர்த்தையும் முதல்ல பாக்கணும்."

இ.சி.எம்.முக்கு வரும் பாசிட்டிவ் வயரையும் எர்த் வயரையும் அவர் வெறும் மல்டிமீட்டரால் பார்க்கவில்லை. கப்ளரைக் கழற்றி, ஹார்னஸ் (வயர்க் கட்டு) பக்கத்து முனைகளுக்கு நடுவே பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டி எரியவிட்டார். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மல்டிமீட்டர் கிட்டத்தட்ட கரண்டே எடுக்காது. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரே இழையில் தொங்கும் வயரிலும் அது 12 வோல்ட்டைக் காட்டும். 55 வாட் பல்பு நாலரை ஆம்பியர் இழுக்கும். அந்த ஒற்றை இழை அதைத் தாங்காது, பல்பு மங்கிவிடும். எங்கள் வண்டியில் பல்பு பளிச்சென்று எரிந்தது. எரியும்போதே எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மீட்டர் வைத்தார், 0.04 வோல்ட். சுத்தமான எர்த். ஆனால் இந்த பல்பு வித்தையை சென்சாரின் 5 வோல்ட் லைனில் மட்டும் செய்யக் கூடாது. அது அவ்வளவு கரண்டைக் கொடுக்கச் செய்யப்பட்டதல்ல.

இனி கோளாறை வரவழைக்க வேண்டும். ரெயில் பிரஷர் சென்சார் கப்ளரின் பின்பக்கமாக, வயரின் தோலைக் குத்தாமல், ரப்பர் சீலின் ஓரத்தில் ஒரு மெல்லிய தையல் ஊசியை நுழைத்து அதில் மீட்டரைக் கோத்தார். அவருடைய மீட்டரில் இருப்பதிலேயே குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் பட்டன் உண்டு. 5.01 என்று நின்றது. இன்ஜின் ஓடும்போதும் 5.01. ஹார்னஸைக் கையால் ஆட்டினார், இழுத்தார், தட்டினார். 5.01.

"டேய், நாலு சக்கரத்துக்கும் கட்டை போடு. வண்டிக்கு முன்னாடி பின்னாடி யாரும் நிக்காதீங்க."

என்னை ஓட்டுநர் சீட்டில் உட்காரச் சொன்னார். ஹேண்ட் பிரேக், கால் பிரேக் இரண்டையும் இறுக்கி, முதல் கியரைப் போட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்தபடி கிளட்சை அரைவாசி விட வேண்டும். இரண்டு நொடிக்கு மேல் கூடாது, கிளட்ச் பிளேட் கருகிவிடும். விட்டேன். பானட்டுக்குள் இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு சாய்வது ஸ்டியரிங் வழியாகவே எனக்குத் தெரிந்தது. செக் லைட் எரிந்தது. இன்ஜின் அணைந்தது. இவ்வளவு நாள் பயந்த அதே சத்தமில்லாத அணைப்பு.

"0.2!" என்றார் பாய். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டரை மாதமாகக் காட்டுக்குள்ளும் கணவாயிலும் என்னை நிறுத்திய ஒன்று, கிருஷ்ணகிரியில் பட்டப்பகலில், ஒரு கொட்டகைக்குள், மூன்று பேர் பார்க்க எண்ணாக வந்து நின்றது.

அடுத்து ரிவர்ஸ் கியரில் அதையே செய்யச் சொன்னார். இன்ஜின் மறுபக்கம் சாய்ந்தது. 5.01, அசையவே இல்லை. மாங்கூழ் ஆலை வரி இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இதன் காரணம் அழகானது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து ஒரே கட்டையாக ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கின்றன. பின்சக்கரத்துக்குச் சுற்றைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை அவை ஒரு பக்கம் முறுக்கினால், அதே முறுக்கு அவற்றை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். முதல் கியரில் இன்ஜினின் முறுக்கு ஏறக்குறைய நான்கு மடங்காக ஷாஃப்டுக்குப் போகிறது. இரண்டாவதில் இரண்டு மடங்குக்கு மேல். நான்காவதில் அநேகமாக அப்படியே. ஆகவே சின்ன கியரில் இழுக்கும்போதுதான் இன்ஜின் அதிகமாகச் சாயும். முன்னால் போகும் கியரில் இடப்பக்கம் மேலே எழும்பும், ரிவர்ஸில் வலப்பக்கம். மேலுமலையில் நான்காவது கியரில் பிழைத்ததும், சேற்றில் காலி வண்டி நின்றதும், குண்டு குழியில் நிற்காததும் எல்லாம் இதற்குள் அடங்கிவிட்டன. பாய் பல்பை எடுப்பதற்கு முன்னாலேயே நோட்டிலிருந்து இதைப் படித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

இடப்பக்கம் எழும்பும்போது எது எங்கே உரசுகிறது என்று பார்க்க வேண்டும். நான் கிளட்சை விட, அவர் பக்கவாட்டில் நின்று டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பார்த்தார். மூன்றாவது தடவையில் பிடித்தார். இன்ஜினிலிருந்து கேபின் பக்கம் போகும் ஹார்னஸ், பாடியில் பதிந்திருக்கும் ஏ.சி. குழாய்த் தகட்டின் விளிம்பை உரசிக்கொண்டிருந்தது. மேலே போட்டிருந்த நெளிவு ஸ்லீவ் அந்த இடத்தில் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. உள்ளே ஒரு மெல்லிய வயரின் தோல் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் போய், செம்பு மினுமினுத்தது. இரண்டு இழை அறுந்திருந்தது. தகட்டின் விளிம்பில் பெயின்ட் போய் அதே இடத்தில் இரும்பு பளபளத்தது. இன்ஜின் நேராக நின்றால் இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும்.

அந்த இடத்தில் ஹார்னஸைப் பிடித்து வைக்கும் கிளிப் இருக்க வேண்டும். இல்லை. அதற்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டி, அதுவும் தளர்ந்திருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் வேறொரு பட்டறையில் கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸை இறக்கினார்கள். அப்போது உடைந்திருக்கும். ஐம்பது ரூபாய் கிளிப். உடைந்ததை என்னிடம் சொல்லியிருந்தால் நானே வாங்கிக் கொடுத்திருப்பேன். வேலை செய்யும்போது உடைவது இயல்பு. அதை மறைத்து மூடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த டேக்கினால் ஒரு குடும்பம் தொப்பூரில் போயிருக்கக்கூடும்.

நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பாய் விடவில்லை. "கிளிப் இல்லேன்னாலும் இவ்வளவு தூரம் இன்ஜின் ஏன் எழும்புது?" என்று கேட்டுக்கொண்டே, ஆயில் சம்ப் நசுங்காமல் இருக்கப் பலகை வைத்து, அடியில் ஜாக்கி கொடுத்து லேசாகத் தூக்கினார். இடப்பக்க மவுண்டிங்கின் ரப்பர் தகட்டிலிருந்து பிரிந்து வாய் திறந்தது. ஆக, மின்சாரக் கோளாறு என்று தேடிப் போனது ஒரு ரப்பரில் போய் முடிந்தது. வயரை மட்டும் ஒட்டியிருந்தால் அடுத்த வருடம் வேறு ஏதாவது உரசியிருக்கும்.

வயரை அவர் டேப் சுற்றி விடவில்லை. கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் ஒரு துண்டு சேர்த்து, இரு முனையிலும் கிரிம்ப் அடித்து (உலோகக் குழலில் வைத்து நெரித்து), மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சுருக்கினார். சால்டர் வைக்கச் சொல்லி நான் கேட்டேன். இன்ஜின் ஆடும் இடத்தில் சால்டர் வைத்தால் அந்த இடம் ஊசி மாதிரி விறைத்துவிடும், விறைப்பு முடியும் ஓரத்தில் இழை அறும் என்றார். பக்கத்து வயர்களின் தோலையும் ஒவ்வொன்றாக நகத்தால் தடவிப் பார்த்தார். புது ஸ்லீவ், ரப்பர் வைத்த கிளாம்ப், தகட்டு விளிம்புக்கு ஒரு ரப்பர் பட்டை. மறுநாள் மவுண்டிங் இரண்டும் மாற்றினோம், 3,200 ரூபாய்.

கூலி என்ன என்று கேட்டேன். ஆயிரத்து ஐந்நூறு என்றார். நான் மூவாயிரம் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்ததால், அவருடைய பட்டறைப் பையன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். நம்மூரில் சாமானுக்கு ஐயாயிரம் கேட்டால் கொடுத்துவிடுகிறோம். "ஒரு வயரை ஒட்டுனதுக்கு இவ்வளவா?" என்று கூலியில்தான் பேரம் பேசுகிறோம். இந்த வேலையில் ஒட்டியது அரை மணி நேரம். கண்டுபிடித்தது ஒரு முழுப் பகலும் முப்பது வருடத் தொழிலும். கண்டுபிடிக்கும் கூலியை நாம் மதிக்காததால்தான் பட்டறைகள் சாமானை மாற்றிக் காசு பார்க்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்களை அழிப்பதற்கு முன்னால் அவற்றைப் பால் நோட்டில் எழுதச் சொன்னார். அழித்தார். கொட்டகையில் மறுபடி முதல் கியர் சோதனை, பத்துத் தடவை. 5.01. இன்ஜின் முன்பு எழும்பியதில் பாதிகூட எழும்பவில்லை.

"இதெல்லாம் சரி. முதல்ல எங்க நின்னுச்சோ அங்க போய் வாங்க. மீட்டரைக் கொண்டு போங்க."

ஊசியில் நீள வயர் இரண்டைக் கோத்து, பானட் இடுக்கு வழியாக ஜன்னலுக்குள் கொண்டுவந்து, மீட்டரை மச்சான் மடியில் வைத்தார். இரண்டு நாள் கழித்து அஞ்செட்டியில் இருபத்திரண்டு மூட்டை ராகி ஏற்றினோம். வேண்டுமென்றே சாயங்காலம் கிளம்பவில்லை. காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். மூங்கில் புதர் இருந்த வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தேன். இரண்டாவது கியர். கட்டை மச்சானின் காலடியில் தயாராக இருந்தது.

"என்னடா காட்டுது?"

"அஞ்சு பாயின்ட் சைபர் ஒண்ணு, மாமா."

ஆக்சிலேட்டரை அழுத்தினேன். வண்டி ஏறியது.

"இப்ப?"

"அதேதான்."

தேன்கனிக்கோட்டையில் டீக்கடை ஓரம் நிறுத்தி, மீட்டர் பிடித்து வைத்திருந்த குறைந்த அளவைப் பார்த்தோம். 4.99. மச்சான் நோட்டை எடுத்து, தேதி போட்டு, இடம், கியர், லோடு எல்லாம் எழுதி, 'நின்ற நேரம்' என்ற பத்தியில் ஒரு கோடு போட்டான்.